நூலும் உரையும்: ஒரு நிரலாளர் தலைவரான வரலாறு

தாமே கற்றுத் தாமே உயர்ந்தவர்களின் வரலாறுகளை நம்மவர் விரும்பிப் படிப்பர். கணினித் துறை தலையெடுத்த பின்னர் இத்தகைய வரலாறுகள் பெருகிவிட்டன. அவற்றுட் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை: துணையற்ற ஓர் இளைஞர், உறக்கமில்லாத இரவுகள், ஒரு சிறிய அறை, பின்பு பெருஞ்செல்வம். இடையிலே என்ன நிகழ்ந்தது என்பதை மட்டும் அவை சொல்வதில்லை. வலைத்தளங்களுக்கு நிரல் எழுதும் ஒருவர், பிற நிரலாளர் பல்லாயிரவர் தம் வேலையை எவ்வாறு செய்தல் வேண்டும் என்று வகுத்துரைக்கும் தொழில்நுட்பத் தலைவராக எப்படி மாறுகிறார்? நிரலெழுதும் ஆற்றல் ஒன்றே அவரை உயர்த்திவிடுமாயின், அவ்வாற்றல் மிக்கோர் அனைவரும் தலைவராயிருத்தல் வேண்டும். அங்ஙனம் இல்லை என்பது வெளிப்படை.

இவ்வினாவுக்கு விடை தேடுவோர்க்கு இவான் யூ என்பாரது வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டு. 'வியூ' என்ற நிரற்சட்டகத்தை ஆக்கியவர் அவர். நான் கணினித் துறையைச் சார்ந்தவன் அல்லேன், தமிழ் கற்பிப்பவன். எனினும் அவர் வரலாற்றை அறிந்து, அவரும் அவருடைய கூட்டத்தாரும் எழுதிய விளக்கங்களைப் படித்தபோது, நிரலாளர் கூறும் காரணங்களுக்குப் புறம்பான ஒன்று எனக்குப் புலப்பட்டது. அதனையே இங்கு எழுதப் புகுந்தேன்.

சீன நாட்டின் சியாங்சு மாகாணத்திலே, தை ஏரியின் அருகிலுள்ள வூசி நகரம் அவர் பிறந்த ஊர். சீன மொழியில் அவர் பெயர் யோ யூசி. அப்பெயரின் ஈற்றிலுள்ள இரண்டு எழுத்துக்களும் முறையே மழையையும் ஓடையையும் குறிப்பன என்பர். அமெரிக்கா சென்று கொல்கேற் பல்கலைக்கழகத்திற் சேர்ந்த அவர் அங்கே பயின்றவை கலையும் கலை வரலாறும். பின்னர் நியூயோர்க் நகரத்துப் பார்சன்ஸ் கல்லூரியிலே வடிவமைப்பும் தொழில்நுட்பமும் இணைந்த முதுநிலைக் கல்வி. கணினி அறிவியலில் அவருக்குப் பட்டம் இல்லை. வலைப்பக்கங்களை இயங்கச் செய்யும் ஜாவாஸ்கிரிப்ற் மொழியைப் பெரும்பாலும் தாமாகவே, ஒன்றைச் செய்து பார்த்தும் உடைத்துப் பார்த்தும் கற்றுக்கொண்டார். 'கிளியர்' என்றொரு கைப்பேசிச் செயலி அக்காலத்திற் புகழ்பெற்றிருந்தது. செய்யவேண்டிய வேலைகளைப் பட்டியலிட்டு விரலால் தள்ளி நீக்கும் அழகிய செயலி அது. அதனைப் போன்ற ஒன்றை வலைப்பக்கத்தின் கருவிகளை மட்டுமே கொண்டு அவர் செய்து காட்டினார். கூகிள் நிறுவனத்தின் ஆக்கக் கலைப் பிரிவிலே அவருக்கு உத்தியோகம் கிடைத்தது.

'தாமே உயர்ந்தவர்' என்ற சொல்லை நான் எப்போதும் சற்று ஐயத்துடனேயே நோக்குவதுண்டு. கொல்கேற்றும் பார்சன்சும் ஏழைகள் எளிதில் நுழையும் இடங்களல்ல. அன்றியும், அவர் கட்டியது வெறுநிலத்தின் மீதன்று. பிறர் எழுதி, யாரும் எடுத்தாளலாம் என்று திறந்துவைத்த மூலநிரல்கள் பல அவருக்கு முன்பே இருந்தன. வியூவின் இரண்டாம் பதிப்பிலே முக்கியமானதொரு பகுதி, 'சினாப்டொம்' என்ற பிறரது நிரலைத் தழுவியது; அதனை அவர்கள் மறைக்கவில்லை. ஆகவே, தாமே உயர்ந்தவர் என்பதற்கு, இத்துறையைத் தமக்குக் கற்பிக்க ஆசிரியர் ஒருவரை அவர் பெற்றிருக்கவில்லை என்ற அளவிலேயே பொருள் கொள்வோம்.

நிற்க. அவர் செய்த வேலைதான் யாது? ஆசிரியர்களாகிய வாசகர்களுக்கு அதனை எளிதில் விளக்கலாம். தவணைப் பரீட்சை முடிந்து புள்ளிப் பதிவேடு எழுதிவிட்டீர்கள். மாணவன் ஒருவனுக்குக் கணிதத்தில் 64 என்று இட்டது தவறு, 74 என்பதே சரி என்று தெரியவருகிறது. ஒரேயோர் எண்ணை மாற்றுகிறீர்கள். உடனே அவனுடைய மொத்தம் மாறவேண்டும், சராசரி மாறவேண்டும், வகுப்பிலே அவன் நிலை மாறவேண்டும், அவனுக்குக் கீழிறங்குவோர் நிலையும் மாறவேண்டும், தேர்ச்சி அறிக்கைகளும் திருத்தப்படவேண்டும். ஒன்றை மறந்தாலும் பெற்றோர் வந்து நிற்பர். வலைப்பக்கங்களை ஆக்குவோர் நாள்தோறும் படும் தொல்லை இதுவே. ஒரு தரவு மாறியதும் அதனைச் சார்ந்து திரையிலே தோன்றுவன அனைத்தும் பிழையின்றி மாறுதல் வேண்டும். இவ்வேலையை நிரலாளர் கையிலிருந்து எடுத்துத் தானே செய்துகொடுக்கும் கட்டமைப்புக்கே நிரற்சட்டகம் என்று பெயர்.

இவான் யூ கூகிளில் இருந்தபோது 'அங்குலர்' என்ற சட்டகத்தைப் பயன்படுத்தினார். கூகிளிலே வளர்ந்த சட்டகம் அது. பதிவேட்டில் ஏதேனும் மாறியிருக்கலாம் என்ற ஐயம் தோன்றும்போதெல்லாம், கண்காணிப்பில் உள்ள இடங்கள் யாவற்றையும் வரிசையாகப் பார்த்து, முந்திய எண்ணோடு ஒப்பிட்டு, மாறியவற்றைத் திருத்துவது அதன் முறை. வேலை நடந்தது, ஆயின் கனம் மிகுதி. அதிலே தமக்குப் பிடித்த ஒரு பகுதியை மட்டும் பிரித்தெடுத்து இலேசானதொன்றைச் செய்தால் என்ன என்று அவர் எண்ணினார். அவர் கைக்கொண்ட முறை வேறு. ஒவ்வோர் எண்ணும் தன்னை யார் யார் வாசிக்கின்றனர் என்பதைக் குறித்துவைத்துக்கொள்கிறது. மொத்தம் வந்து வாசித்தால் மொத்தத்தின் பெயர். சராசரி மொத்தத்தை வாசித்தால் அங்கே சராசரியின் பெயர். எண் மாறியதும் குறித்துவைத்த பெயர்களுக்கு மட்டும் செய்தி போகிறது. பதிவேடு முழுவதையும் புரட்டவேண்டியதில்லை. இக்கருத்தும் அவர் முதன்முதல் கண்டதன்று. ஆயினும் அவர் அதனை அமைத்த விதம் எளிமையும் அழகும் உடையதாயிருந்தது.

2013ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் வரிகளை எழுதினார். முதலில் அவர் இட்ட பெயர் 'சீட்', அதாவது விதை. அப்பெயரை வேறொருவர் முன்பே பதிந்துகொண்டமையால், காட்சி என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லுக்குப் பிரெஞ்சு மொழியில் என்னவென்று பார்த்து 'வியூ' என்று மாற்றினார். 2014 பெப்ரவரியிலே அதனை உலகின் முன் வைத்தார்.

இங்கேதான் நான் முன்னர்க் கூறிய வினா எழுகிறது. அக்காலத்தில் இவ்வகைச் சட்டகங்கள் பஞ்சமில்லாமல் இருந்தன. அங்குலருக்குப் பின்னே கூகிளும், 2013இல் வெளிவந்த 'ரியாக்ற்' என்பதற்குப் பின்னே பேஸ்புக்கும் நின்றன. தனியொருவர் ஓய்வு நேரத்தில் எழுதிய ஒன்று அவற்றிடையே நிலைபெற்றது எங்ஙனம்? எளிமை என்பர் நிரலாளர். எளிமையாயிருத்தல் வேறு, எளிமையென்று கற்போனுக்குத் தெரியுமாறு செய்தல் வேறு. இரண்டாவது காரியம் நிரலால் ஆவதன்று. அது உரையால் ஆவது.

நம் மரபிலே நூல் ஒன்று, உரை ஒன்று. தொல்காப்பியம் நமக்கு இன்று பொருள்படுவது இளம்பூரணர் முதலாய உரையாசிரியர்களால் அன்றோ? நிரலுலகிலும் நிலைமை இதுவே. நிரல் என்பது நூல். அதனுடன் வரும் விளக்க ஆவணம் உரை. நிரலாளர் பலர் நூலை எழுதி முடித்ததும் களைத்துப் போகின்றனர். உரை ஏனோதானோவென்று பின்னொட்டாக வருகிறது. இவான் யூ நூலுக்கு எடுத்துக்கொண்ட கவனத்தை உரைக்கும் எடுத்துக்கொண்டார்.

வியூவின் வழிகாட்டியைப் படிக்கத் தொடங்கிய எனக்கு நன்னூற் பாயிரம் நினைவுக்கு வந்தது. சிறப்புப் பாயிரத்திலே சொல்லவேண்டுவன எட்டென்பர். அவற்றுள் ஒன்று 'கேட்போர்', அதாவது இந்நூலைப் பயிலத் தகுதியுடையார் யார் என்பது. வியூ 2இன் வழிகாட்டி தொடக்கத்திலேயே அதனைச் சொல்லிவிட்டது. வலைப்பக்கத்தின் அடிப்படை மொழிகளில் ஓரளவு பயிற்சியுடையோருக்கு இது எழுதப்பட்டது. அப்பயிற்சி இல்லாதோர் அவற்றைக் கற்றுத் திரும்பி வருதல் நலம் என்று அது கூறியது. தன் பொருளை விற்க முனைவோர் எவரும் வாயிலிலேயே வாடிக்கையாளரைத் திருப்பியனுப்பத் துணிவதில்லை. ஆசிரியர் ஒருவரே துணிவார். அப்பால், கருத்து, சிறு எடுத்துக்காட்டு, எழக்கூடிய ஐயம், அதற்கு விடை என்று காண்டிகையுரையின் போக்கிலேயே அது செல்கிறது. நாவலர் நன்னூலுக்கு எழுதிய காண்டிகையுரையைப் பயின்றவர்களுக்கு இப்போக்குப் புதிதன்று.

எல்லாவற்றினும் என்னைக் கவர்ந்தது அவ்வாவணத்திலிருந்த ஒப்பீட்டுப் பகுதி. பிற சட்டகங்களோடு வியூவை வைத்து நோக்கும் பகுதி அது. பிறர்மதங் கூறி மறுக்கும்போது நம் உரையாசிரியர்களே சிலவேளைகளில் வரம்பு கடந்துவிடுவர். இங்கோ, ரியாக்ற்றைப் பற்றிய பகுதியைச் சீர்செய்ய ரியாக்ற் குழுவைச் சேர்ந்த டான் அப்ரமோவ் என்பாரே உதவினார். இருசாராரும் உடன்படும்வரை அது திருத்தப்பட்டது என்று, அவருக்கு நன்றிகூறி, அங்கேயே எழுதப்பட்டிருந்தது. போட்டியாளரின் சார்பிலே போட்டியாளரையே பேசவிட்ட அவ்வொழுங்கு, நம் விமரிசன உலகிலே காண்பதற்கு அரியது.

உரை நன்றாயிருந்ததன் பயன் விரைவில் தெரிந்தது. லாராவெல் என்னும் மற்றொரு கருவியை ஆக்கிய ரெயிலர் ஒற்வெல், 2015இல், ரியாக்ற் தமக்குக் கடினமாயிருந்ததையும் வியூவை எளிதிற் கற்க முடிந்ததையும் வெளிப்படையாகச் சொன்னார். 2016 ஓகஸ்ற் மாதம் வெளிவந்த லாராவெல் பதிப்பிலே வியூ உடன்சேர்த்தே வழங்கப்பட்டது. லாராவெல் பயன்படுத்தியோர் பலர் அவ்வாறே இதற்குள் வந்தனர்.

மற்றொரு வாயில் சீன மொழி. ஆங்கில ஆவணத்தைச் சீனத் தன்னார்வலர்கள் தம் மொழியிற் பெயர்த்தனர். இவான் யூவும் சீனத்திலே வினவியோர்க்குச் சீனத்திலேயே விரிவான விடைகள் எழுதிவந்தார். மேனாட்டுச் சட்டகம் ஒன்றைக் கற்கவேண்டுமாயின் முதலில் ஆங்கிலத்தோடு போராடவேண்டியிருந்த இளைஞர் கூட்டத்துக்கு, ஆக்கியோனே தாய்மொழியில் மறுமொழி கூறுவது எத்தகைய விடுதலை என்பதை நாம் உணரக் கூடும். மானிப்பாயிலே வைத்தியர் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து நூல்களும் ஆக்கிய 19ஆம் நூற்றாண்டு முயற்சியை இவ்விடத்தில் நினையாமலிருக்க முடியவில்லை. சீனாவில் அலிபாபா, பைடு முதலிய பெருநிறுவனங்களுக்குள்ளே வியூ புகுந்தது. 2020ஆம் ஆண்டிலே விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவும் தன் தளங்களுக்கு அதனையே தெரிந்தெடுத்தது. தமிழ் விக்கிப்பீடியாவை நாடும் நம் மாணவர் அறியாமலே, அந்த வூசி நகரத்து ஓவிய மாணவரின் உழைப்பு அவர்களுக்கும் அண்மையில் வந்துவிட்டது.

கூகிளை விட்டு மீற்றியோர் என்னும் நிறுவனத்திற் சிலகாலம் இருந்த இவான் யூ, 2016இல் அவ்வுத்தியோகத்தையும் துறந்து முழுநேரமும் வியூவுக்கே உழைக்கலானார். சம்பளம் தருவார் எவருமில்லை. பயன்படுத்துவோர் மாதந்தோறும் விரும்பி அளிக்கும் சிறு தொகைகளும் சில நிறுவனங்களின் ஆதரவுமே வருவாய். புரவலரை நம்பிய பழம் புலவரின் நிலைக்கு இது ஒப்பு. புரவலர் ஒருவராயிராமற் பலராயிருந்தமை ஒன்றே வேறுபாடு. இதற்குள் கூட்டமும் வளர்ந்துவிட்டது. வியூ 2இன் ஆவணங்களை உருவாக்குவதிலே பெரும்பங்கு கொண்ட கிறிஸ் பிரிற்ஸ் நிரலாக்கம் கற்பிக்கும் ஆசிரியர். உரையெழுத ஆசிரியர் ஒருவரைச் சேர்த்துக்கொண்ட செயலும் தலைமைப் பண்பின்பாற் படும்.

தலைமைக்கு வந்த சோதனை 2019இலே நேர்ந்தது. மூன்றாம் பதிப்புக்கான திட்டம் நடந்துகொண்டிருந்தது. பெரிய மாற்றம் எதனையும் செய்யுமுன், அதனை எழுத்திலே விரித்துப் பலரது கருத்தையும் வேண்டுவது இவர்கள் வழக்கம். 1969இல் இணையத்தின் முன்னோடியாகிய ஆர்ப்பாநெற்றை அமைத்தோர் தொடங்கிய வழக்கம் அது. தீர்ப்பென்று தோன்றாதிருக்க, 'கருத்து வேண்டுதல்' என்றே அவர்கள் அதற்குப் பணிவாகப் பெயரிட்டனர். நம் மொழியிற் சொல்வதானால் அரங்கேற்றம். நூல் முடிவதற்கு முன்பே நிகழும் அரங்கேற்றம் என்பதுதான் புதுமை. வியூவிலே கூறுகளை எழுதும் முறையை மாற்றிப் புதியதொரு முறையை அவ்வாண்டு ஜூன் மாதம் இவான் யூ அவ்வாறு அரங்கேற்றினார்.

முறை சிறந்ததுதான். ஆயின், பழைய முறை எதிர்காலத்திலே நீக்கப்படலாம் என்று பொருள்கொள்ளத்தக்க பகுதி அவ்வெழுத்தில் இருந்தது. பழைய முறையை நம்பி அலுவலகங்களிலே ஆண்டுக்கணக்காக வேலை செய்தோர் கொதித்தெழுந்தனர். எளிமைக்காக வந்தோம், அதனையே பறிக்கிறீர்களே என்றனர். இழப்பு வெறும் மனத்தாங்கல் அன்று: முறை மாறின், எழுதிய நிரலெல்லாம் திருத்தப்படவேண்டும், கற்ற கல்வி பழையதாகிவிடும், சிலருக்குத் தொழிலே ஆட்டங்காணும். அந்நாளை வியூவின் 'மிக இருண்ட நாள்' என்று தலைப்பிட்டு ஒருவர் எழுதும் அளவுக்கு நிலைமை முற்றியது.

இங்கே அவர் நிரலிற் கைவைக்கவில்லை, உரையிலே கைவைத்தார். பழைய முறை நீக்கப்படாது, புதியது வேண்டுவோர்க்குக் கூடுதலாக வழங்கப்படும் என்பதை ஐயத்துக்கிடமின்றி எழுதினார். வேண்டுகையையும் மீண்டும் எழுதினார். ஏன் இம்மாற்றம் என்பதற்கு முன்னதினும் தெளிவான காரணங்கள் வந்தன, பெயரும் மாறியது. எதிர்த்தோர் பலர் அமைதியுற்றனர். ஒரு பத்தியின் சொற்கள் கூட்டத்தை எழுப்பவும் அமர்த்தவும் வல்லனவாயின என்பதைச் சொல்லாராய்ச்சியில் ஈடுபட்ட நாம் வியக்க வேண்டியதில்லை. ஆயினும் கணினித் துறையிலே இது நிகழ்ந்தது என்பதை நம் பாடசாலைகளில் எத்தனை பேர் அறிவர்? மூன்றாம் பதிப்பு 2020 செப்ரெம்பரிலே வெளிவந்தது. அதனை ஆக்கிய போக்கைப் பற்றி, அவ்வாண்டில் 'இன்கிரிமென்ற்' என்ற சஞ்சிகையிலே நீண்ட கட்டுரையொன்றும் அவர் வரைந்தார்.

அதன்பின் எல்லாம் இனிதே நடந்ததென்று சொல்லமாட்டேன். இரண்டாம் பதிப்பிலிருந்து மூன்றாவதற்கு மாறுவது பலருக்கு இடராயிருந்தது. துணைக் கருவிகள் சில உடனே தயாராகவில்லை. 2023ஆம் ஆண்டின் இறுதியில் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு நிறுத்தப்பட்டபோதும் முணுமுணுப்பு எழவே செய்தது. இருந்தும், 2022இல் முழுவதுமாகப் புதுக்கி எழுதப்பட்ட ஆவணத்திலே ஒரு சிறு ஆளியை வைத்தார்கள். அதனை ஒருபுறம் தள்ளினால் எடுத்துக்காட்டுக்கள் பழைய முறையில் தோன்றும். மறுபுறம் தள்ளினால் புதிய முறையில் தோன்றும். 2019இல் கொடுத்த வாக்கு அவ்வாளியிலே காப்பாற்றப்பட்டிருக்கிறது. ஒரே நூலுக்கு இரு மரபினரும் பயிலத்தக்க உரையை அருகருகே வைக்கும் இவ்வேற்பாடு நம் பதிப்பாசிரியர்களும் கருதத்தக்கது. 2020இல் அவர் தொடங்கிய 'வீற்' என்னும் வேறொரு கருவி வியூவின் எல்லையைக் கடந்தும் பரவியது. 2024இல் அவர் 'வொய்ட்சீரோ' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். தொடக்க முதலீடு 46 இலட்சம் அமெரிக்க டொலர். ஆதரவாளரின் சிறு தொகைகளில் வாழ்ந்தவர் இப்பொழுது பிறருக்குச் சம்பளம் கொடுப்பவர். முதலீட்டாளரின் விருப்பமும் பயன்படுத்துவோரின் விருப்பமும் என்றும் ஒத்துச்செல்லுமா என்று கேட்போர் உளர். அது நியாயமான கேள்வியே.

என் வகுப்பிலே நிரலாக்கம் பயிலும் உயர்தர மாணவர் சிலர் உளர். கட்டுரை எழுதுவது காலத்தை வீணாக்குவது என்பது அவர்தம் கொள்கை. நிரலை எழுதித்தரப் பொறிகளே வந்துவிட்ட இக்காலத்தில் அவர்களுடைய அச்சம் வேறு திசையிலே இருக்கிறது. உரை அவர்கள் கவலைகளுள் ஒன்றன்று. அவர்களோடு நான் வாதிடவில்லை. வியூவின் வழிகாட்டியிலே முதற் சில பக்கங்களைக் கொடுத்து, பத்தாம் வகுப்பு மாணவனுக்கு விளங்கும்படி தமிழில் எழுதிவருமாறு சொன்னேன். முதலிரண்டு பத்திகளிலேயே தடை நேர்ந்தது. ஓர் எண் மாறியதும் சார்ந்தவை தாமே மாறும் அப்பண்புக்கு என்ன பெயரிடுவது? ஒருவர் 'எதிர்வினை' என்றார். அது பகைமையைக் குறிப்பதுபோல் இருக்கிறதென்று மற்றவர் மறுத்தார். விஞ்ஞானம் கற்கும் மாணவி ஒருவர், உயிரியற் பாடத்திலே தூண்டலுக்குத் துலங்கல் என்று படிக்கிறோமே, இதனைத் 'துலங்குதன்மை' என்றால் என்ன என்று கேட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் துலங்கல் என்பது விளங்கித் தோன்றுதலையும் குறிக்குமாதலால் மயக்கம் நேரும் என்று இன்னொருவர் எடுத்துக்காட்டோடு வந்து நிற்கிறார். சொல் இன்னும் முடிவாகவில்லை.